பதினாலாம் கணக்கை மூடிய வியாழக்கிழமை

“19-10-1978, வியாழன். மாலை 4.52. கணக்கு எண் 14. ஓடிக்கொண்டிருந்த வேலைகள் மூன்று. மூன்றும் மூடப்பட்டன. மேலிட உத்தரவுப்படி.”

கணிப்பொறி அறையின் பதிவேட்டில் நான் எழுதிய குறிப்பு இது. பதிவேடு இப்போது எங்கே என்று தெரியாது. பதிவேட்டில் எழுதுவதை அன்றன்றே டைரியிலும் எழுதிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்ததால் குறிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் இத்தனை வருடமாக என்னை உறுத்துகிறது.

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, சவுக்குத் தோப்புக்குள், கரையோர மணல் எப்படி இடம் மாறுகிறது என்று ஆராயும் சின்ன அலுவலகம் ஒன்றில் நான் கணிப்பொறி இயக்குபவனாக இருந்தேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக அலுவலக வண்டி. காலையில் ஏழரைக்கு ஏறினால் மாலையில் ஐந்து பத்துக்குத் திரும்ப ஏற வேண்டும். ஓட்டுநர் யாருக்காகவும் நிற்க மாட்டார். ஐந்து பதினொன்றுக்கு வந்தவனுக்கு வண்டியின் புழுதிதான் கிடைக்கும்.

இருந்தது ஒரே இயந்திரம். பக்கத்து அறையில் அதோடு இணைத்த ஆறு தட்டச்சு முனையங்கள். அதைப் பயன்படுத்துகிறவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்திருந்தோம். அதைக் கணக்கு என்போம். ஒருவர் தன் கணக்கில் ஓட்டும் வேலையை அவர் நிறுத்தலாம், அல்லது நான் நிறுத்தலாம். வேறு யாராலும் முடியாது. பெரும்பாலோர் வேலையை ஓடவிட்டபடியே எழுந்து போய்விடுவார்கள். மாலை முறைக்கு வருகிறவரிடம் நான் இயந்திரத்தைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நாலரை மணிக்கு மேல், ஓடும் வேலைகளின் பட்டியலை எடுத்து, தேவையில்லாதவற்றை ஒவ்வொன்றாக எண்ணைத் தட்டி மூடுவேன்.

மூடுமுன் ஒரு வழக்கம் உண்டு. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. முனைய அறையின் கதவைத் திறந்து, எண்ணை உரக்கக் கூவ வேண்டும்.

“ஏழு! ஏழு யாரு? மூடப்போறேன்!”

“இரு மச்சான், இப்பதான் நாஸ்தா துன்னுட்டு வந்து குந்துனேன்!”

“நாலரை மணிக்கு இன்னா நாஸ்தா?”

“உன் வூட்ல ராத்திரி சோறே கெடையாதுன்றாங்க, நீ கேக்குறியா?”

இப்படிப் பேச்சு நீளும். சில நாள் தாழ்வாரத்துக்கும் தேநீர்க் கொட்டகைக்கும் போய்க் கூவ வேண்டியிருக்கும். அந்த ஆகஸ்டில் மூன்று முறை வண்டியைத் தவறவிட்டேன். திருக்கழுக்குன்றம் வரை லாரியில் நின்றபடி போனேன். தேதிகள் டைரியில் இருக்கின்றன.

மூன்றாம் முறைக்குப் பிறகு, மதிய இடைவேளைகளில் ஒரு கட்டளைக் கோப்பு எழுதத் தொடங்கினேன். கணக்கு எண்ணைக் கொடுத்தால் போதும். அதுவே பட்டியலை எடுத்து, அந்த எண்ணில் ஓடும் வேலைகளையெல்லாம் தேடி, வரிசையாக மூடிவிடும். பத்து நிமிட வேலை அரை நிமிடத்தில் முடியும். முதல் சோதனையில் என் சொந்த எண்ணையே கொடுத்தேன். அந்தக் கோப்பும் என் கணக்கில்தான் ஓடுகிறது என்பதை மறந்துவிட்டேன். அது தன்னையும் ஒரு வேலையாகக் கண்டு, தன்னையே மூடிக்கொண்டது. எதிரே தட்டச்சுத்தாள் பாதி வரியில் நின்றுபோயிற்று. மாலை முறைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இன்னா அண்ணாத்த, உன் புரோகிராமு தன்னத்தானே சாவடிச்சிகிச்சு!”

அதைத் திருத்தினேன். செப்டம்பர் முதல் ஐந்து மணிக்கே வண்டியில் ஜன்னலோர இடம் பிடித்துவிடுவேன். படிக்க நேரம் கிடைத்தது. கூவுவது நின்றுபோயிற்று. அது நின்றதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. என் டைரியிலும் குறிப்பில்லை.

இனி என் நண்பர் ஒருவரைப் பற்றி. செங்கல்பட்டில் கைக்கடிகாரக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. என் வயது. ஒரே நிறுத்தத்தில் ஏறுவோம், மச்சான் என்று அழைத்துக்கொள்வோம். இரண்டு வருடமாகத் தற்காலிக உதவியாளர். நிரந்தர இடம் ஒன்று காலியாகி, அதற்கான நேர்முகம் அக்டோபர் 24, செவ்வாய் என்று தாள் வந்திருந்தது. வயது வரம்பு காரணமாக இனி அவருக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை. எங்கள் கரையில் பன்னிரண்டு மாதமும் மணல் போகும் வழியைக் கணக்கிடும் புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தார். அதன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வுக் குழு முன் உட்கார வேண்டும் என்பதே அவர் எண்ணம். தற்காலிக ஆட்களுக்குத் தனிக் கணக்கு கிடையாது. அவர் கொடுத்த விண்ணப்பம் மேலே போய்த் திரும்பவே இல்லை. யாருடைய கணக்கிலோ ஓட்டிக்கொண்டிருந்தார். யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதிவேட்டில் எழுத வேண்டிவரும்.

அந்த வியாழன் மாலை நாலே முக்காலுக்குத் தலைமை அதிகாரியின் அறையிலிருந்து துண்டுத்தாள் வந்தது. பதினாலாம் கணக்குக்கு உரிய விஞ்ஞானி மாற்றலாகிப் போய்விட்டார், அவர் கணக்கில் ஓடுபவற்றை மூடவும். நான் கோப்பை ஓட்டினேன். மூன்று வேலைகள். பதிவேட்டில் எழுதி, கையெழுத்திட்டு, பையை எடுத்துக்கொண்டு முனைய அறை வழியாகத்தான் வெளியே வந்தேன். கடைசி முனையத்தருகில் அவர் எனக்கு முதுகைக் காட்டியபடி அச்சுத்தாள்களை மடித்துக்கொண்டிருந்தார்.

வண்டியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நான் படித்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

“மச்சான், செப்டம்பர் வரைக்கும் வந்துட்ச்சு. மாசத்துக்கு ஆறு மணி நேரம் இழுக்குது. நாளிக்குப் பதினோரு மணிக்கெல்லாம் டிசம்பர் முடிஞ்சிரும்.”

“எதுல ஓடிகினு கீது?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“பதினாலுலதான். அதான் திங்கக்கெழமையே சொன்னேனே.”

நான் புத்தகத்தை மூடினேன். பதினாலை மூடியதைச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“ஒரு கூவு கூவியிருக்கக்கூடாதா மச்சான்? பத்தடி தூரத்துலதானே இருந்தேன்.”

பாதியில் நின்றதை அங்கிருந்தே தொடர முடியாது. ஜனவரியிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். மூன்று நாள் பிடிக்கும். சனி, ஞாயிறு குளிரூட்டியைப் பழுதுபார்க்க இயந்திரத்தை நிறுத்துவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அதை ஒத்திவைக்கத் தலைமை அதிகாரியிடம் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளி காலை அந்தக் கடிதத்தை எழுதிவிட்டு முதலில் நண்பரிடம் காட்டினேன்.

“அடுத்தவன் கணக்குல ஓட்டினேன்னு எழுதினா என்னை உள்ளயே வுட மாட்டாங்க. எழுதலன்னா கையில ஒண்ணும் இல்ல. நீயே சொல்லு, எது பேஜாரு?”

“என் தப்புன்னு எழுதறேன்.”

“இன்னான்னு எழுதுவ? உத்தரவு வந்திச்சு, செஞ்ச. அதுல தப்பு எங்க கீது?”

கடிதத்தை அவரே வாங்கிக் கிழித்தார். கோபமாகக் கிழிக்கவில்லை. நான்காக மடித்து, மடிப்பின் வழியே நேராகக் கிழித்தார்.

செவ்வாயன்று ஒன்பது மாத அச்சுத்தாள்களோடு உள்ளே போனார். வெளியே வந்தபோது நடந்ததைச் சொன்னார். குழுவில் ஒருவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கரையில் மணல் பெரிதாக நகர்வதே வடகிழக்குப் பருவத்தில்தானே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கே என்று கேட்டிருக்கிறார். இயந்திரம் நின்றுவிட்டது என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். என் பெயரையோ பதினாலையோ சொல்லவில்லை. வெளியே அப்போது அந்த அக்டோபர் மழைதான் பெய்துகொண்டிருந்தது.

இடம் வேறொருவருக்குப் போயிற்று. முழுத் தாளும் இருந்திருந்தால் இவருக்குக் கிடைத்திருக்குமா என்பதை நான் கணக்கிட முயன்றதில்லை. டிசம்பரோடு அவர் தற்காலிக வேலையும் முடிந்தது. கூடுவாஞ்சேரியில் மாமனாரின் இரும்புக் கடையில் உட்கார்ந்தார். நான் கட்டளைக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். எதையும் மூடுமுன் அது நின்று, எண்ணைக் கூவியாயிற்றா என்று கேட்கும். ஆம் என்று தட்டினால்தான் மேலே போகும். அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் கதவைத் திறந்து கூவினேன். வண்டியைப் பல நாள் தவறவிட்டேன்.

அடுத்த ஆண்டு ஒரு ஞாயிறன்று அவர் கடைக்குப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். குழந்தைகளைப் பற்றிப் பேசினோம். எழுந்திருக்கும்போது கேட்டேன்: “அந்தத் திங்கக்கெழமை நெசமாவே சொன்னியா?”

“சொன்னேன் மச்சான். செவ்வாக்கெழமைல இருந்து பதினாலுல ஓட்டப்போறேன், பாத்துக்கோன்னேன். நீ உம்முன்ன.” பிறகு, என்னைத் தேற்றுகிறவர்போல, “புத்தகம் படிச்சிகினு இருந்த,” என்றார்.

வீட்டுக்கு வந்து டைரியை எடுத்தேன். “16-10-1978, திங்கள். ஜன்னலோர இடம். திருக்கழுக்குன்றம் வரை தூறல். பக்கம் 112 முதல் 148 வரை.” அவ்வளவுதான். முன்சீட்டில் வழக்கமாக உட்காரும் சக ஊழியரைக் கேட்டதற்கு நினைவில்லை என்றார். ஆகவே அன்று வண்டியில் நண்பர் என்னிடம் சொன்னாரா, நான் உம் என்றேனா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.