நெல் கிடந்த பதினாறு மீட்டர்

என் தம்பி ஓட்டிய தனியார் டவுன் பஸ் சீவலப்பேரி சாலையில் ஒரு மொபெட்டில் மோதியது. மொபெட்காரருக்குக் கால் முறிந்தது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்தேன் என்று தம்பி முதலாளியிடம் எழுதிக் கொடுத்திருந்தான். இன்சூரன்ஸ்காரர் பிரேக் தடத்தை அளந்தார். இருபத்துநாலு மீட்டர், ஆகவே வேகம் அறுபத்தொன்று என்றார். அது உறுதியானால் புதன்கிழமையோடு வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நான் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். திங்கள் மாலை இன்சூரன்ஸ்காரரின் கணக்கை நானும் போட்டேன். தார் ரோட்டில் பிரேக் பிடித்தால் வேகம் நொடிக்கு நொடி ஆறு மீட்டர் வீதம் குறையும். இரண்டு, ஆறு, இருபத்துநாலு மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று மாற்றினேன். அறுபத்தொன்றேதான்.

செவ்வாய் காலை அளவு டேப்போடு விபத்து நடந்த இடத்துக்குப் போனேன். தடத்தின் கடைசி எட்டு மீட்டர் கருப்பு. முதல் பதினாறு மங்கல். மங்கலில் நசுங்கிய நெல் ஒட்டியிருந்தது. தம்பிக்கு போன் போட்டேன்.

“ஏலே, அன்னைக்கு ரோட்டுல நெல்லு காஞ்சுதா?”

“ஆமாக்கா. அறுப்புல அது தெனமும் கெடக்கதுதான. போலீஸ் வரதுக்குள்ள அள்ளிட்டாங்க.”

“அத ஏம்லே ஒருத்தர்கிட்டயும் சொல்லல?”

“வெயிலடிச்சுதுன்னு யாராவது சொல்லுவாங்களாக்கா?”

மாலையில் சுருள்வில் தராசோடு மறுபடி போய், அங்கே நெல் தூற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒரு முறம் நெல் கேட்டு ரோட்டில் பரப்பினேன். ரப்பர் செருப்பின் மேல் செங்கல் கட்டி, தராசின் கொக்கியில் மாட்டி, வெறும் தாரிலும் நெல் மேலும் இழுத்தேன்.

“என்னம்மா, செருப்பயா நிறுக்கீய?” என்று சிரித்தாள் அவள்.

தராசு வெறும் தாரில் காட்டியதில் பாதிதான் நெல் மேல் காட்டியது. ஆறு அல்ல, மூன்று. தடத்தை இரண்டாகப் பிரித்து அதே பெருக்கலைப் போட்டேன். நெல்லில் பதினாறு மீட்டருக்குத் தொண்ணூற்றாறு, தாரில் எட்டு மீட்டருக்கும் தொண்ணூற்றாறு. கூட்டி வர்க்கமூலம் எடுத்து மணிக்குக் கிலோமீட்டராக்கினால் ஐம்பது. மூன்று தடவை சரிபார்த்தேன். நாற்பது வரவில்லை.

அன்றிரவு நான் கணக்கு எழுதிய தாளை வாங்கிப் பார்த்த தம்பி நிமிரவில்லை.

“நாப்பதுன்னு கையெழுத்துப் போட்டுருக்கேன்க்கா. இதக் குடுத்தா நான் பொய்யன்.”

“குடுக்கலைன்னா அறுபத்தொண்ணு.”

“நாப்பதா ஆக்க முடியாதா?”

“முடியாதுலே.”

புதன்கிழமை முதலாளி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

“கடைசியாக் கேக்கேன். எத்தனைல வந்த?”

தாள் பிரிக்கும் ஓசை வந்தது.

“அம்பது, மொதலாளி. மொதல்ல சொன்னது பொய்.”

இரண்டு மாதம் அவனுக்கு வண்டி தரவில்லை. ஷெட்டில் பஸ் கழுவினான். வேலை போகவில்லை.