பர்னர் ஆறும்வரை

அயர்லாந்தின் லீட்ரிம் மலைச்சரிவில் தம்பி கோல்மனோடு ஆடு வளர்ப்பவள் அட்ராக்டா கில்ரேன். வயது அறுபதைத் தாண்டியவள். இருவருக்கும் கல்யாணமில்லை, அடிதடிக்கு வெளியாள் தேவைப்படவுமில்லை. அவள் முன்பல் போனது அவன் முழங்கையால். அவன் இடது காது மந்தமானது அவள் வீசிய வாளியால்.

சமையற்கட்டில் நிற்கும் இரும்பு மண்ணெண்ணெய் அடுப்பை மட்டும் அவள் யாரையும் தொட விடமாட்டாள். பர்னரைக் கழற்றிக் கரி சுரண்டுவது, திரி மாற்றுவது எல்லாம் அவள்தான்.

மார்ச்சில் பனி கொட்டியது. ராத்திரியே அடுப்பு அணைந்து இரும்பு ஜில்லிட்டுக் கிடந்தது. விடிந்ததும் கோல்மன் விறைத்துப்போன இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கொண்டுவந்து அடுப்புக்குள் ரொட்டி சுடும் கீழறையில் கிடத்தினான். அட்ராக்டா பற்றவைத்தாள். பர்னர் மட்டும் சூடேறியது. தீ உடனே மறுபடி அணைந்தது. எண்ணெய்க் குழாயில் கரி. கம்பி விட்டுக் குத்தியதும் எண்ணெய் குபுக்கென்று பாய்ந்து, சுடுகிற பர்னருக்குள் தேங்கிப் புகைந்தது. வால்வை மூடினாள்.

கோல்மன் செய்தித்தாளைக் கொளுத்திக்கொண்டு வந்தான்.

"தள்ளு. குட்டி சாகுது."

"டேய், பர்னர் ஆறட்டும். இப்ப நெருப்பு காட்டினா வெடிச்சு, பர்னர் மூடி உன் மூஞ்சிலதான் வந்து விழும்."

"ஆறட்டும், ஆறட்டும்! அப்பன் எழவுக்கு வந்தவங்களுக்கும் இதையேதான் சொன்னே. ஒரு வாய் டீ இல்லாம போனாங்க!"

"டீ இல்லாம எவன்டா செத்தான்? செத்தவரு ஏற்கெனவே செத்துட்டாரு."

அவன் குனிந்தான். கெட்டிலை எடுத்து அவன் மணிக்கட்டில் ஒரே போடு போட்டாள். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. கீழே விழுந்த காகிதத்தை மிதித்து அணைப்பதற்குள் மற்றக் கையால் அவன் குத்திய குத்தில் அவள் உதடு கிழிந்தது. அவள் தலையால் அவன் வயிற்றில் முட்டினாள். மேசையோடு சாய்ந்தான். அவன் மார்பில் முழங்காலை ஊன்றி, கீழறையிலிருந்து இரண்டு குட்டிகளையும் எட்டி எடுத்து அவன் கம்பளிச் சட்டைக்குள் திணித்தாள்.

"இந்த வீட்டுல இப்ப சூடா இருக்கறது உன் தொப்பை ஒண்ணுதான். அசைஞ்சே, மண்டைய உடைப்பேன்."

அவள் பரம்பரையையே திட்டித் தீர்த்தான். அது தன் பரம்பரையும்தான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. ஆனால் அசையவில்லை.

பர்னர் ஆறியதும் எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தாள். உதட்டு ரத்தம் அதே துணியில் சொட்டியது. வால்வைப் பிடித்து மெல்லத் திறந்து நெருப்பு வைத்தாள். திரி பற்றியது. அப்போது அவள் முதுகில் என்னவோ மொத்தென்று விழுந்தது. செத்த குட்டி.

"கொன்னுட்டடி."

"ஒண்ணுதானே. இன்னொண்ணக் குடு."

அவன் தரவில்லை. கீழறை வெதுவெதுப்பாகும்வரை மடியிலேயே வைத்திருந்து, தானே உள்ளே கிடத்தினான். பிறகு வந்து அவளை ஓங்கி ஓர் அறை விட்டான். அட்ராக்டா அதை வாங்கிக்கொண்டாள். தீ சீராகி நீலமாகும்வரை வால்விலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.