நெட்டுக்குத்தாய் நின்ற திரை

என் அக்காவுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் ஊசிக்கண்ணு. எனக்கு வைத்தது சோடாபுட்டி. யாருக்கு என்ன மரியாதை இருந்தது என்பது இதிலேயே புரிந்திருக்கும். தெருமுனையில் பஸ் திரும்பும்போதே அதன் நம்பரைச் சொல்லிவிடுவாள் அவள். அம்மாவின் தோட்டுத் திருகு காணாமல் போனால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நானும் குனிந்து தேடப் போனால், மிதித்துத் தொலைக்காமல் ஒதுங்கி நில் என்பார் அப்பா. அவள் போட்டுப் பழசாக்கிய சட்டை, ஓட்டிப் பழசாக்கிய சைக்கிள், ஓரமெல்லாம் கிறுக்கிவைத்த பாடப்புத்தகம், எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தன. கண் மட்டும் வரவில்லை.

அந்தக் கண்ணை வைத்துத்தான் அவள் பிழைத்தாள். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, யாரும் படிக்காமல் தூக்கிப் போடுவது, அது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது அவள் வேலை. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. ஒரு புள்ளி விட்டுப்போனால் அரை மில்லிகிராம் ஐந்து மில்லிகிராம் ஆகிவிடும், விழுங்குகிறவன் கதி அதோகதிதான். அச்சகத்துக்காரர்கள் வேலையை அவள் வீட்டுக்கே அனுப்பினார்கள். தாள் நீளமாக இருக்கும் என்பதால் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் திரையை அவள் எல்லோரையும் போலப் படுக்கவைக்கவில்லை, நெட்டுக்குத்தாகத் திருப்பி நிறுத்தியிருந்தாள். வருகிறவர்களை எல்லாம் அழைத்துப்போய் அதைக் காட்டுவாள் அம்மா. நான் ஒரு கூரியர் கம்பெனியில் உட்கார்ந்து, தங்கள் பார்சல் தாமதமானதற்கு வருந்துகிறோம் என்று நாள் முழுவதும் எழுதுகிறவள். என் மேசையை யாரும் யாருக்கும் காட்டியதில்லை.

ஆனால் என்னிடமும் ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர். எங்கள் வீட்டு லேப்டாப்பில் எல்லாம் லினக்ஸ்தான், விண்டோஸ் உட்பட வேறு எதையும் வாசல்படி தாண்ட விடமாட்டார். மேசைமேல் டாக் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதன் ஒயரை லேப்டாப்பில் செருகினால் பெரிய திரை, கீபோர்டு, மவுஸ் எல்லாம் ஒரேயடியாகச் சேர்ந்துகொள்ளும். முன்பெல்லாம் செருகினாலும் தகராறு, உருவினாலும் தகராறு. செருகினால் பெரிய திரை இருட்டாகவே கிடக்கும். உருவினால், திறந்து வைத்திருந்ததெல்லாம் இல்லாத திரைக்குப் போய் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும்.

நான் போட்ட சத்தம் தாங்காமல் அவர் அதற்கொரு வழி செய்தார். ஒவ்வொரு திரைக்குள்ளும் அதன் அடையாளம் பதிந்திருக்குமாம். செருகியதும் லேப்டாப் அதைப் படித்துப் பார்க்கும். தெரிந்த திரை என்றால், அதற்கென்று முன்பே சேமித்துவைத்த ஏற்பாட்டை, எது எந்தப் பக்கம், எழுத்து எவ்வளவு பெரிசு என்பது வரை, தானே போட்டுவிடும். உருவினால் தன் சொந்தத் திரைக்குத் திரும்பிவிடும். தெரியாத திரை என்றால் நாம் ஒருமுறை சொல்லிக்கொடுத்துச் சேமிக்க வேண்டும். தன் லேப்டாப்புக்குச் செய்த கையோடு என்னுடையதற்கும் செய்துகொடுத்தார். அக்காவிடம் இல்லாத ஒரு வசதி என்னிடம் இருக்கிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

கொஞ்ச காலமாக இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சில நாள் வீட்டுக்கு நேரம் கழித்து வந்தார். கேட்டால் லேபில் வேலை என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். பேச்சு என்னோடு, பார்வை என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ. சம்பளம் ஏறியிருக்கும், தலைக்கனமும் கூடவே ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் திரையை மாற்றினாள். "பெரிசா ஒண்ணு வாங்கிட்டேன்டி, பழசை நீ வெச்சுக்கோ" என்றாள். சைக்கிளைக் கொடுத்த அதே குரல். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, எங்கள் திரையில் கோடு விழ ஆரம்பித்திருந்தது.

அவர்தான் போய்த் தூக்கிவந்தார். மேசையில் படுக்கைவாட்டில் வைத்து ஒயரை மாட்டிவிட்டு, நாளைக்குத் தானே செட் பண்ணித் தருவதாகவும் அதுவரை தொட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். தொடாதே என்றால் என் கை சும்மா இருக்குமா? என் லேப்டாப்பை ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அவர் பையிலிருந்து அவருடையதை எடுத்துச் செருகினேன்.

திரை ஒருமுறை கண் சிமிட்டியது. பிறகு படம் வந்தது, பக்கவாட்டில். எழுத்தெல்லாம் ஒருக்களித்துப் படுத்திருந்தன, ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். கழுத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கெட்டுப்போனதைத்தான் என் தலையில் கட்டியிருக்கிறாள் என்று முதலில் திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. தெரியாத திரையில் படம் தானாகப் புரண்டு படுக்காது. இந்தத் திரை நெட்டுக்குத்தாக நின்றபோது, யாரோ இந்த லேப்டாப்புக்கு அதைச் சொல்லிக்கொடுத்துச் சேமித்திருக்கிறார்கள். அது அப்படி நின்ற இடம் உலகத்தில் ஒன்றுதான், அக்காவின் அறை. அவள் புருஷன், எங்கள் அத்தான், கப்பல் வேலைக்காரர், வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை.

தலை துவட்டிக்கொண்டே வந்தவர், திரையைப் பார்த்ததும் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றார்.

"இந்த ஸ்க்ரீனுக்கும் உங்க லேப்டாப்புக்கும் எத்தனை நாளா பழக்கம்?" என்று கேட்டேன்.

அவர் துண்டை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "உங்க அக்காகிட்டயே கேளு. நான் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

வாக்காம் வாக்கு. எனக்குக் காதில் புகை வராத குறை. தப்புத்தண்டா ஒன்றும் இருக்காது என்று ஒரு மனசு சொன்னது. இருந்தாலும் என்ன? என் புருஷனும் என் அக்காவும் எனக்குத் தெரியாமல் ஒரு ரகசியம் வைத்திருக்கிறார்கள், அதில் எனக்கு இடமில்லை. சைக்கிள் பழசானால் எனக்கு வரும், ரகசியம் பழசானாலும் எனக்கு வரவில்லையே என்று புழுங்கினேன்.

மறுநாள் நான் எழுதிய வருத்தக் கடிதங்களை வாங்கியவர்கள் பாவம். வேலை முடிந்ததும் லேப்டாப் பையோடு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் போன் பண்ணிச் சொல்லியிருப்பார் போல, கதவு திறந்தே இருந்தது. அவள் அறையில் புதுத் திரையும் நெட்டுக்குத்தாகவே, பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் எங்கள் வீட்டில் இருப்பது போலவே ஒரு டாக். அதையும் இவர்தான் வாங்கிக்கொடுத்திருக்கிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. நான் வாசலிலேயே ஆரம்பித்தேன். சைக்கிளில் தொடங்கி டாக் வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டினேன். நான் மூச்சு வாங்கியபோது, உட்காரச் சொன்னாள்.

அவள் கண்ணில், நேராகப் பார்க்கிற இடத்தில், ஒரு மங்கல் விழுந்திருந்தது. எதைப் பார்க்க நினைக்கிறாளோ அது அழிந்துபோகும், ஓரத்தில் இருப்பது மட்டும் தெரியும். ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் ஒருநாள் நெட் சரிசெய்ய வந்த இடத்தில், அவள் கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டாராம். அன்றிலிருந்து லேப்டாப்போடு வந்து அவர் வாசிக்க, அவள் கேட்டுக்கேட்டுத் திருத்துகிறாள். அச்சகத்துக்குக் கூடச் சொல்லிவிட்டாள். கூடவே ஓர் ஆள் இருந்து வாசித்தால் வேலை தொடரும், ஆள் இல்லையென்றால் வேலையும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஆக, ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"ஏன்க்கா என்கிட்டச் சொல்லல?"

"நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்படுறது எனக்குப் பழகிப்போச்சுடி" என்றாள். "நீ என்னைப் பார்த்துப் பாவப்பட்டா என்னால தாங்க முடியாது."

இதையும் என் காதுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். என் முகம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை நாளும் அவள் என் காதோரம் பார்த்திருக்கிறாள்.

அழுதால் அவள் என்னைத் துரத்திவிடுவாள் என்று தெரியும். "யாரு பாவப்பட்டா? என் புருஷனைச் சம்பளமில்லாத குமாஸ்தாவா வெச்சிருந்திருக்க. எனக்கு வயிறு எரியுது" என்றேன்.

அது நடிப்பில்லை. நிஜமாகவே எரிந்தது. அவர் எனக்கு ஒரு செய்தித்தாளைக் கூட வாசித்துக் காட்டியதில்லை. இவளோ பயந்த நேரத்தில் என்னை விட்டுவிட்டு அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இருவர் மேலும் ஒரே நேரத்தில் பொறாமைப்படுவது சுலபமில்லை, ஆனால் எனக்கு அதில் பழக்கம் உண்டு. அக்கா முகத்தில் நிம்மதி தெரிந்தது.

பையைத் திறந்து என் லேப்டாப்பை எடுத்து டாக்கில் செருகினேன். அதற்கு அந்தத் திரையைத் தெரியவில்லை. திரை நின்றிருக்க, படம் படுக்கைவாட்டுக்கென்றே வந்து ஒருக்களித்துத் தெரிந்தது, எழுத்து எறும்பாகக் கிடந்தது. நானே படத்தை நிமிர்த்தினேன். எழுத்தைப் பெரிசாக்கிக்கொண்டே போய், அவள் போதும் என்றதும் நிறுத்திச் சேமித்தேன். ஒயரை உருவி மறுபடி செருகிப் பார்த்தேன். இந்தத் தடவை எல்லாம் தானாகவே இடத்துக்கு வந்தது. அச்சகம் அனுப்பியிருந்த தாளை அதில் திறந்து முதல் வரியை வாசித்தேன்.

"சோடாபுட்டி, பூஜ்யத்துக்கு அப்புறம் புள்ளி இருக்கா, நல்லாப் பாரு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இருந்தது.

இரண்டாவது பத்தியில் இருந்தபோது அவர் வந்தார், தோளில் பையோடு. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு டாக் ஒயரைத் தேடினார். அது என் லேப்டாப்பில் இருந்தது.

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க" என்றேன். "இங்க இடமில்ல."