வெள்ளரிப்பிஞ்சு வாடிய பண்டிகை

டண்டினொங் நகரில் ஹெர்ஷ் கிழவரின் ஊறுகாய்ப் பட்டறை ஒக்டோபரில் ஒன்பது நாள் பூட்டிக் கிடக்கும். யூதர்களின் கூடாரப் பண்டிகை. முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும் வேலை என்ற பேச்சே கிடையாது. நடுவில் வரும் நாட்களிலும் கை வைக்கக் கூடாது. செய்யாமல் விட்டால் பொருள் பாழாகிவிடும் என்றால் மட்டும் செய்யலாம். பதினொரு வருடமாக அங்கே வேலை செய்யும் சிவனேஸ்வரிக்கு, தன் கந்தசஷ்டி விரதத்தைவிட இது நன்றாகத் தெரியும்.

இந்த வருடம் அந்த ஒன்பது நாளை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஏப்ரலில் மகள் மயூரா கார் விபத்தில் போய்விட்டாள். இருபத்திரண்டு வயது. வீட்டில் எங்கே திரும்பினாலும் அவளுடைய அறைக் கதவு கண்ணில் படும். பட்டறையில் மட்டும்தான் மூச்சுவிட முடிந்தது.

"ஒன்பது நாள் வீட்டில இருந்தா எனக்கு விசர் பிடிக்கும், மிஸ்டர் ஹெர்ஷ்," என்று அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். கிழவர் தாடியைத் தடவிக்கொண்டு உள்ளே போனார்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை முப்பது பெட்டி வெள்ளரிப்பிஞ்சு வந்து இறங்கியது. மத்தியானத்துக்குள் உப்புத் தண்ணீரில் போட்டிருக்கலாம். "இருக்கட்டும்," என்றார் ஹெர்ஷ். குளிர் அறையிலும் வைக்கவில்லை. மனுசனுக்கு வயசு போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பண்டிகையின் மூன்றாம் நாள் காலை ஹெர்ஷ் தொலைபேசியில் கூப்பிட்டார். "பிஞ்சு வாடுகிறது. வாருங்கள்." ஸ்பிரிங்வேல் ஸ்டேஷனில் கிடைத்த ரயிலில் ஏறினாள், தலைகூட வாரி இழுக்கவில்லை. வழியெல்லாம் கை பரபரத்தது.

பட்டறையில் பெட்டிகள் அப்படியே இருந்தன. ஹெர்ஷ் கத்தியை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"முடியாது," என்றார். "கத்தியை எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பண்டிகைக்குள் செய்யலாம் என்று வேண்டுமென்றே தள்ளி வைத்த வேலையைத் தொடக் கூடாது. எல்லாம் அழுகினாலும் கூடாது. அன்றைக்குப் பிஞ்சை நான் மறந்துபோய் அப்படியே விடவில்லை. உங்களுக்கு வர ஒரு இடம் வேண்டுமே என்றுதான் விட்டேன்."

"நான் உங்கட ஆள் இல்லைத்தானே! நான் செய்யிறன். நீங்கள் வீட்ட போங்கோ."

"உங்களைச் செய்யச் சொன்னாலும் அதே குற்றம்தான்."

"ஒரு பெட்டி. ஒரு பெட்டி எண்டாலும்!" வெட்கத்தை விட்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

ஹெர்ஷ் கதிரையை விட்டு எழுந்தார். "இன்னொரு வழி இருக்கிறது. சாப்பாட்டுக்கே இல்லாதவருக்கு வேலை கொடுக்கலாம். எங்கள் ஆட்களுக்குச் சொன்னது அது. உங்களுக்கும் பொருந்துமா என்று எங்கள் குருவிடம் கேட்டுப் பார்க்கிறேன். வீட்டில் சாப்பிட ஏதாவது இருக்கிறதா?" கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். இல்லையென்று சொல்லுங்களேன் என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

யாழ்ப்பாணத்துப் பொம்பிளையிடம் கேட்கிற கேள்வியா இது? அகதி முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற நாட்களிலும், யார் கேட்டாலும் 'சாப்பிட்டாச்சு' என்று சொன்ன வாய் அது.

"ஓம், ஓம், எல்லாம் கிடக்கு. பிரிட்ஜ் நிறையக் கிடக்கு."

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. மாற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை.

ஹெர்ஷ் தலையை ஆட்டிவிட்டுப் பட்டறையைப் பூட்டினார். ஆனால் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. பின்முற்றத்தில் பலகை அடித்து, மேலே இலைக்கொப்பு பரப்பிய பண்டிகைக் கூடாரம் இருந்தது. அங்கே ஒரு கதிரையை அவளுக்காக இழுத்துப் போட்டார். பூட்டிய கதவுக்குள்ளிருந்து வெள்ளரி வாடை வந்துகொண்டிருந்தது.

"மகளைப் பற்றிச் சொல்லுங்கள்," என்றார்.

ஆறு மாதமாக அவள் அந்தப் பெயரைப் பட்டறைப் பக்கம் கொண்டுவந்ததே இல்லை. "மயூரா," என்று தொடங்கினாள். அதற்கு மேல் வரவில்லை. முகத்தைப் பொத்திக்கொள்ள இரண்டு கையும் வேலையில்லாமல் சும்மாதான் இருந்தன.