காற்று அடித்த பக்கம்

யோகம் அக்கா அன்றைக்குக் காலையில் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டுப் பாடமாக்கிக்கொண்டிருந்தா. பதின்மூன்று வருசமாக ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரத்து ஓவியக்கூடம் ஒன்றில் காவலுக்கு நிற்கிற மனுசி. "தொடாதேங்கோ, கிட்டப் போகாதேங்கோ" என்ற இரண்டு வசனத்தோடேயே சீவியம் போய்விட்டது. இப்போது வருகிற ஆட்களுக்குப் படங்களை விளக்கிச் சொல்லும் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறா. இன்றைக்குத்தான் பரீட்சை.

"உமக்கேனப்பா உந்த வில்லங்கம்?" என்றார் கணவர் இராசலிங்கம். "டொச்சுப் பாசையிலை பிழை விட்டால் சிரிப்பாங்கள்."

"சிரிக்கட்டுமன்! இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டது காணும்."

அந்த வீறாப்பெல்லாம் வீட்டோடு சரி. பரீட்சைக்கு விழுந்தது அவ தினமும் காவல் நிற்கிற அறையிலிருந்த படம்தான். இருநூறு வருசத்துக்குக் கிட்டின வேட்டைக் காட்சி. மலை, இருண்ட காடு, குதிரைக்காரர், பாய்கிற நாய்கள், ஓரத்துப் பற்றைக்குள் ஒரு பெண்மான். பரீட்சை வைக்க வந்த ஓவியக்கூடத்து அதிகாரி லின்ட்னர் அம்மாவைக் கண்டதும், மூன்று கிழமையாய்ப் பாடமாக்கினதெல்லாம் பறந்துவிட்டது. வரைந்தவன் பிறந்த ஆண்டுகூட வாயில் வரவில்லை. கடவுளே, என்ன செய்கிறது!

"பரவாயில்லை," என்றா லின்ட்னர். "பாவம், அந்த மான் சாகப்போகிறது. அதைப் பற்றியாவது சொல்லுங்கள்."

யோகம் அக்காவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"ஆர் சொன்னது? மரங்களைப் பாருங்கோ. கொப்பெல்லாம் மானின்ரை பக்கம் சாயுது. காத்து நாயளிட்டை இருந்து மானுக்கு அடிக்குது. மானின்ரை மணம் நாய்க்குப் போகாது. அதுதான் அதுகள் மற்றப் பக்கம் ஓடுதுகள். மான் அசையாமல் கிடந்தால் காணும், தப்பியிடும்."

லின்ட்னர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்கு முன்னால் குனிந்தா.

"கிட்டப் போகாதேங்கோ!" பழக்கதோசத்தில் அக்கா கத்திவிட்டா.

லின்ட்னர் சிரித்தபடி பின்னுக்கு வந்தா. "இருபது வருசமாக இதைப் பார்க்கிறேன். எனக்குத் தெரியவில்லையே. உங்களுக்கு எப்படி?"

பெற்ற பிள்ளைகளுக்கும் சொல்லாத கதை. சொன்னால் வேலை கிடைக்காமல் போகுமோ? அக்கா ஒருக்கால் மூச்சை இழுத்து விட்டா.

"தொண்ணூற்றாறிலை அகதியா, செக் நாட்டு எல்லைக் காட்டாலை களவாய் இஞ்சை வந்தனான். பொலிஸ் நாயள் குலைக்கக் குலைக்கப் பற்றைக்குள்ளை கிடந்தன். அண்டைக்கும் காத்து இப்பிடித்தான் அடிச்சது."

லின்ட்னர் மறுபடி படத்திலிருந்த மானைப் பார்த்தா. பிறகு, "வரைந்தவர் பிறந்த ஆண்டை எழுதித் தருகிறேன், அதைப் பாடமாக்கலாம்," என்றா. "சனிக்கிழமை பதினொரு மணிக்கு இருபது பேர் வருவார்கள். அவர்களுக்குப் படங்களை விளக்கப்போவது நீங்கள்தான்."

வெளியே வந்ததும் அக்கா வீட்டுக்குப் போன் எடுத்தா.

"இஞ்சருங்கோ, சனிக்கிழமை பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. மான் எப்பிடித் தப்பினதெண்டு சொல்லப்போறன்."