என் கல்யாண வீடியோவில் இருப்பவள்

என் கல்யாண வீடியோவை நானேதான் எடிட் செய்தேன். வேங்கிக்காலில் ஒரு ஸ்டுடியோவில் எனக்கு அதுதான் வேலை. எத்தனையோ மணப்பெண்களை வெளுப்பாக்கிக் கொடுத்த கை இது. வீட்டுக்காரர்கள் கேட்பார்கள், வாயை மூடிக்கொண்டு செய்வேன். என்னுடையதில் மட்டும் செய்யக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். நான் நல்ல கறுப்பு. நலங்கில் பூசிய மஞ்சள் என் கன்னத்தில் பளிச்சென்று தெரியும், அது எனக்குப் பிடிக்கும். அரக்குப் புடவை அரக்காகவும் நான் நானாகவும் தெரிகிறவரை காட்சி காட்சியாக உட்கார்ந்து நிறத்தைச் சரிசெய்தேன்.

டைட்டில், பாட்டு, கடைசி வேலையெல்லாம் டவுனில் இன்னொரு கடையில் நடக்கும். அங்கே வேறு சாஃப்ட்வேர். என்னுடையதிலிருந்து அதற்கு அனுப்பினால் வெட்டியது ஒட்டியது எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேரும், நிறத்தில் செய்த வேலை மட்டும் போகாது. தெரிந்துதான் ஒவ்வொரு காட்சிக்கும் நான் வைத்த நிறத்தோடு ஒரு ஸ்டில் படம் எடுத்துக் கூடவே அனுப்பினேன். அதைப் பார்த்து அங்கே மறுபடி நிறம் வைக்க வேண்டும்.

அந்தக் கடைக்காரர் என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். போனில் கெஞ்சினேன்.

"ஸ்டில்லுல இருக்கற மாதிரியே வச்சுடுங்கண்ணா. ஜாஸ்தி எதுவும் பண்ணாதீங்க."

"நான் பாத்துக்கறேன்மா. நம்ம வீட்டுக் கல்யாணம், விட்டுடுவனா?"

விடவில்லைதான். பென்டிரைவ் இரண்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் நான் பார்த்தேன். மணவறையில் கோதுமை மாவு நிறத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் இருந்த இடமே தெரியவில்லை. புடவை பிளாஸ்டிக் பக்கெட் சிவப்பு.

"உனக்குன்னு ஸ்பெஷலா பண்ணேம்மா. காசுகூட வாங்கல" என்று சிரித்தார் கடைக்காரர், நான் நேரில் போய்க் கேட்டபோது. இப்படிச் சிரிக்கிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? திரும்பச் செய்யவும் வழியில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டுமென்று எங்கள் ஸ்டுடியோவிலும் அவர் கடையிலும் பழைய ஃபுட்டேஜை அழித்துவிட்டார்கள். அதுதான் வழக்கம். என்னுடையதும் அதில் போயிற்று.

அடி அண்ணாமலையில் என் மாமியார் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த வீடியோ ஓடும். போன பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த அம்மாவும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, கன்னத்தைத் தடவினாள்.

"எப்டி இருந்த பொண்ணு, இப்டி கறுத்துட்டியேடி. இங்க உன்ன வெயில்ல வேலை வாங்கறாங்களா?"

 போனில் அந்த ஸ்டில்களைத் தேடியெடுத்துக் காட்டினேன். இதுதாம்மா நான், அன்றைக்கே இப்படித்தான் இருந்தேன் என்றேன். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இது இருட்டா வுழுந்துருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி டிவியில் இருந்தவளைப் பார்க்கத் தொடங்கினாள்.