மாலை போட்ட என் படம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருப்பூர் ராயபுரத்தில், படப்பிடிப்புக்காக எடுத்திருந்த ஒரு வீட்டில் நடந்தது இது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையை விட்டுவிட்டு, ஒரு டி.வி. தொடரில் தயாரிப்பு உதவியாளராகச் சேர்ந்த புதிது. டீ வாங்குவது முதல் ஆணி அடிப்பது வரை எல்லாம் என் தலையில்தான்.

அன்றைய காட்சியில், இறந்துபோன அப்பாவின் படத்துக்கு முன் நின்று கதாநாயகி அழ வேண்டும். மாலையும் ஊதுபத்தியும் தயார். படத்தை மட்டும் சென்னையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இணையத்தில் கிடைக்கும் யாரோ ஒருவர் முகத்தைப் போட்டால் வம்பு வரும் என்றார் இயக்குநர்.

"ஒரு மணி நேரத்துல போட்டோ வரலைன்னா, நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்."

ஹாலில், மகள் கல்யாணத்தில் எடுத்த வீட்டுக்காரரின் படம் பெரிதாகத் தொங்கியது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நம்ம மூஞ்சியும் டி.வி.ல வரட்டுமுங்க" என்று அவர் உற்சாகமாகிவிட்டார். சமையலறையிலிருந்து அவர் மனைவி விறுவிறுவென்று வந்தார்.

"அவருக்கு மாலை போட்டு நான் பாக்கோணுமா? வேணும்னா என்ர போட்டோவ மாட்டிக்க கண்ணு."

சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் ஆகாதுங்க தம்பி" என்றவர், தன் படத்தையும் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

எங்கள் குழுவில் கேட்டேன். ஆளாளுக்கு நழுவினார்கள். வேறு வழியில்லாமல் என் படத்தையே போடலாம் என்றேன். கதையில் அப்பா, அண்ணன் ஆனார். பக்கத்துத் தெரு ஸ்டுடியோவில் படத்தைப் பெரிதாக்கி வாங்கி வந்து, நானே மாட்டி, நானே மாலையும் போட்டேன்.

அதுவரை ஒன்றும் தோன்றவில்லை. புகைக்கு நடுவே தெரிந்த என் முகத்தைப் பார்த்து அந்த நடிகை "அண்ணா" என்று கதறியபோதுதான், வீரபாண்டியில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருக்கும் என் அம்மா நினைவுக்கு வந்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

காட்சி முடிந்ததும் அந்த வீட்டம்மா கை நிறைய உப்பும் மிளகாயுமாக வந்தார். என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்துச் சுற்றினார். துப்பச் சொன்னார். அப்படியே கொண்டுபோய் அடுப்பில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"அம்மாகிட்ட நீயே முன்னாடி சொல்லிப்போடு கண்ணு. டி.வி.ல பாத்தா பதறிப்போவாங்க."

அன்று மாலையே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அம்மா திட்டித் தீர்த்துவிட்டு, என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வேலை போய்விடுமோ என்று மட்டுமே நான் பயந்துகொண்டிருந்த அந்த நாளில், முன்பின் தெரியாத அந்த அம்மா என் உயிருக்காகப் பயந்ததை இன்று நினைத்தாலும் நெஞ்சு நெகிழ்ந்துவிடுகிறது.